டிஜிட்டல் நிறுவனம் ஏன் வீழ்ந்தது: ஒரு வாசகரின் மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில்நுட்ப நிறுவனங்களின் எழுச்சியும் சரிவும் பற்றித் தங்கள் நாளிதழின் இளையர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சே எங்கும் நிறைந்திருக்கும் இந்நேரத்தில், பழைய நிறுவனங்களின் கதையை இளையர்களுக்கு எடுத்துச் சொல்ல முன்வந்த கட்டுரையாளரைப் பாராட்டுகிறேன். ஆயினும், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தைப் பற்றி அதில் இடம்பெற்ற இரண்டு வரிகள் என்னை மிகவும் வருத்தின. வீட்டில் எவருக்கும் கணினி தேவைப்படாது என்று அதன் நிறுவனர் சொன்னார், அதனால் நிறுவனம் அழிந்தது என்பதே அவ்வரிகளின் சாரம். 1980களில் சிங்கப்பூரின் கணினி அறைகளில் அந்நிறுவனத்தின் இயந்திரங்களோடு வேலை செய்து, அந்த வேலையாலேயே குடும்பத்தை நடத்தியவன் நான். அந்தச் சாரம் உண்மைக்குப் பொருந்தாது என்பதையும், இத்துறைக்குள் நுழையும் நம் பிள்ளைகளுக்கு அது தவறான பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் என்பதையும் விரிவாக எழுத விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்ற இரு பொறியாளர்கள் 1957ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தைத் தொடங்கினர். இருவரும் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர்கள். அவர்களுக்கு முதலீடாகக் கிடைத்த தொகை 70,000 அமெரிக்க டாலர். ஜார்ஜ் டோரியோ என்ற பேராசிரியர் நடத்திய முதலீட்டு நிறுவனம், அதற்குப் பதிலாக டிஜிட்டலின் 70 விழுக்காட்டுப் பங்குகளை எடுத்துக்கொண்டது. கணினி செய்து இலாபம் கண்டவர் மிகச் சிலரே என்ற நிலை அப்போது இருந்ததால், நிறுவனத்தின் பெயரில் கணினி என்ற சொல்லே வேண்டாம் என்று முதலீட்டாளர்கள் அறிவுறுத்தினர். ஓல்சனும் ஆண்டர்சனும் அதை ஏற்றுக்கொண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேனார்ட் என்ற சிற்றூரில், கம்பளி நெய்த பழைய ஆலையின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்து, ஆய்வுக்கூடங்களுக்குத் தேவையான மின்னணுச் சுற்றுப் பலகைகளைத் தயாரித்து விற்றனர். அந்த வியாபாரம் முதலாண்டிலேயே கைகொடுத்தது. கையில் பணம் சேர்ந்த பிறகுதான் கணினி செய்யத் துணிந்தனர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும், ஏனென்றால் பிற்காலத்தில் அவர்களை வீண் பெருமைக்காரர்களாகச் சித்திரிப்போர் இந்தத் தொடக்க கால நிதானத்தைப் பேசுவதே இல்லை.

1959இல் அவர்கள் காட்டிய பிடிபி-1 என்ற கணினியின் விலை 120,000 டாலர். இன்று அது பெருந்தொகையாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்தில் பெரிய நிறுவனங்களின் கணினிகள் அதைப்போலப் பல மடங்கு விலையில் விற்றன. விலையைவிட முக்கியமான வேறுபாடு, மனிதர் ஒருவர் இயந்திரத்தின் முன் அமர்ந்து அதோடு நேரடியாக வேலை செய்ய முடிந்ததுதான். அதற்கு முன்பு, துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டி முகப்பில் கொடுத்துவிட்டு, மறுநாள் அச்சிட்ட தாளைப் பெற்றுக்கொள்வதே வழக்கமாக இருந்தது. ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் இன்னொரு நாள் போய்விடும். சிங்கப்பூரிலும் 1970களில் பல அலுவலகங்களில் இதே முறைதான் இருந்தது என்று எனக்கு மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிடிபி-1 மொத்தம் ஐம்பது சொச்சம் இயந்திரங்கள்தான் விற்றது. ஆனால் எம்ஐடி மாணவர்களின் கையில் கிடைத்த ஒன்றில் 1962இல் விண்வெளிப் போர் விளையாட்டு ஒன்று எழுதப்பட்டது. கணினித் திரையில் இருவர் எதிரெதிராக ஆடும் விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் அங்கிருந்தே எழுதப்படுகிறது.

அடுத்த பெரும் படி 1965இல் வந்த பிடிபி-8. அதன் விலை ஏறத்தாழ 18,000 டாலர். கணினிக்கென்று தனிக் கட்டடம் தேவையில்லை, ஆய்வக மேசையின் ஓரத்திலேயே வைக்கலாம் என்ற நிலை அதனால் உருவானது. மருத்துவமனைகள், தொழிற்சாலைகள், பல்கலைக்கழகத் துறைகள், செய்தித்தாள் அலுவலகங்களின் அச்சுக்கோப்புப் பிரிவுகள் என்று, கணினி வாங்குவதை முன்பு நினைத்தும் பார்க்காத இடங்களுக்கு அது சென்றது. அதன் பல்வேறு வடிவங்கள் சேர்ந்து 50,000க்கும் மேல் விற்பனையாயின. சிறு கணினி என்ற தொழில்துறையே இதன் வழியாகப் பிறந்தது எனலாம். இந்த வளர்ச்சிக்கு நடுவே 1966இல் டிஜிட்டல் பங்குச் சந்தைக்கு வந்தது. டோரியோவின் 70,000 டாலர் நூற்றுக்கணக்கான மில்லியன்களாகப் பெருகி, இன்று நாம் துணிகர முதலீடு என்று பேசும் துறைக்கே முன்மாதிரியானது.

வெற்றியின் நடுவிலேயே விரிசலும் தொடங்கியது. பிடிபி-8ஐ வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான எட்சன் டி காஸ்ட்ரோ, தாம் முன்வைத்த புதிய கணினித் திட்டம் ஏற்கப்படாததால் 1968இல் வெளியேறி, டேட்டா ஜெனரல் என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு டேவ் கட்லர் என்ற இன்னொரு பொறியாளரும் இதே போன்ற காரணத்துக்காக வெளியேறியதைக் கீழே சொல்வேன். இவ்விரண்டு வெளியேற்றங்களையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, வீட்டுக் கணினி பற்றிய ஒற்றை வாக்கியத்தைவிட அதிகம் விளங்கும்.

டி காஸ்ட்ரோ போன பிறகும் டிஜிட்டல் சோர்ந்துவிடவில்லை. 1970இல் வந்த பிடிபி-11 இலட்சக்கணக்கில் விற்றது. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் 1969இல் யூனிக்ஸ் இயங்குதளத்தை முதன்முதலில் எழுதியது டிஜிட்டலின் பிடிபி-7 கணினியில். அது வளர்ந்ததும், டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கியதும் பிடிபி-11இல். பில் கேட்ஸும் பால் ஆலனும் பள்ளிப் பருவத்தில் நிரல் எழுதிப் பழகியதும், பின்னர் ஆல்டேர் என்ற சிறு கணினிக்காகத் தங்கள் முதல் பேசிக் மொழியை எழுதியதும் பிடிபி-10இல். கையில் ஆல்டேர் இல்லாமலே, அதன் சில்லைப் பெரிய டிஜிட்டல் கணினியில் போலச் செய்து அவர்கள் அதை எழுதி முடித்தனர். நம் திறன்பேசிகளிலும் மடிக்கணினிகளிலும் இன்று இயங்கும் மென்பொருள்களின் வேர்களைத் தேடிப் போனால், அவை மேனார்ட் ஆலையில் செய்யப்பட்ட பெட்டிகளில்தான் போய் முடியும். நான் மிகைப்படுத்தவில்லை.

எனக்கு நேரடியாகப் பழக்கமான வேக்ஸ் கணினி 1977இல் வெளிவந்தது. அப்போது டிஜிட்டலின் பொறியியல் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கோர்டன் பெல், சிறியது முதல் பெரியது வரை எல்லா இயந்திரங்களும் ஒரே கட்டமைப்பில், ஒரே இயங்குதளத்தில், ஒன்றோடொன்று இணைந்து இயங்க வேண்டும் என்ற கொள்கையை வகுத்தார். அதனால் ஒரு துறையின் சிறு வேக்ஸில் எழுதிய நிரல், தலைமை அலுவலகத்தின் பெரிய வேக்ஸிலும் மாற்றமின்றி ஓடியது. அதே காலத்தில் ஐபிஎம்மின் வெவ்வேறு கணினி வரிசைகளோ ஒன்றின் மொழியை மற்றொன்று அறியாமல் இருந்தன. 1980இல் டிஜிட்டலும் இன்டெலும் ஜெராக்ஸும் சேர்ந்து ஈதர்நெட் தரத்தை வெளியிட்டன. அலுவலகங்களில் இன்றும் கணினிகளைக் கம்பிவழி இணைக்கும் முறை அதன் வழிவந்ததே.

சிங்கப்பூரில் 1981இல் தேசியக் கணினி வாரியம் அமைக்கப்பட்டது. அரசாங்கத் துறைகளைக் கணினிமயமாக்கும் திட்டமும் அக்காலத்தில்தான் வேகம் பிடித்தது. அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் அங் மோ கியோவில் தொழிற்சாலை திறந்தது. அடுத்த ஆண்டு சீகேட் நிறுவனம் வட்டு இயக்கிகளை இங்கே செய்யத் தொடங்கியது. கணினி படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை நம் சமூகத்திலும் அப்போதுதான் பரவலாக வேரூன்றியது. டிஜிட்டலுக்கும் இங்கே கிளை இருந்தது. நான் வேலை செய்த கணினி அறையில் வேக்ஸ் இயந்திரங்கள் இருந்தன. தரையை உயர்த்தி அடியில் கம்பிகள் ஓட, பகலிலும் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டிய அறை அது. இரவு முறையில் தரவு பதியும் காந்த நாடாக்களை மாற்றவும், காலைக்குள் சம்பளப் பட்டியலை அச்சிட்டு அடுக்கவும் எங்களில் இருவர் எப்போதும் இருப்போம். சுவரை ஒட்டி ஆரஞ்சு நிற உறையிட்ட கையேடுகள் வரிசையாக நிற்கும். வேறெந்த நிறுவனமும் அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு தெளிவாக வாடிக்கையாளருக்கு எழுதி நான் பார்த்ததில்லை. பல்கலைக்கழகம் போகாத எங்களில் பலருக்கு அந்தக் கையேடுகளே கல்லூரி. ஒரு கட்டளை தவறினால் இயந்திரம் வாய்மூடி நின்றுவிடாமல், எந்தச் சொல்லில் தவறு என்பதைச் சுட்டிக்காட்டும். அந்த மரியாதையை நாங்கள் மறக்கவில்லை.

1980களின் நடுப்பகுதியில் ஐபிஎம்முக்கு அடுத்து உலகின் இரண்டாவது பெரிய கணினி நிறுவனமாக டிஜிட்டல் நின்றது. 1986இல் ஓர் அமெரிக்க வணிக இதழ், நாட்டின் மிக வெற்றிகரமான தொழில்முனைவராக ஓல்சனைத் தன் அட்டையிலேயே போட்டது. 1987இல் பாஸ்டன் நகரில் நடத்திய கண்காட்சிக்கு வந்த விருந்தினரைத் தங்கவைக்க விடுதிகள் போதாமல், குவீன் எலிசபெத் 2 என்ற பயணக் கப்பலையே துறைமுகத்தில் நிறுத்தினார்கள். பத்தாண்டு முடியும்போது ஊழியர் எண்ணிக்கை 120,000ஐத் தாண்டியது. அவ்வளவு பெரிய நிறுவனமாகியும், ஆட்குறைப்புச் செய்வதில்லை என்ற கொள்கையை ஓல்சன் அதுவரை காப்பாற்றினார்.

இனி அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்துக்கு வருகிறேன். 1977இல் ஓல்சன் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் விளக்குகளையும் கதவுகளையும் சமையலையும் ஒரு மையக் கணினி ஆட்சிசெய்யும் வீட்டைப் பற்றித்தான் தாம் பேசியதாகப் பின்னர் அவர் விளக்கினார். அவ்விளக்கத்தை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். மறுக்க முடியாத செய்தி ஒன்று உண்டு: ஐபிஎம் தனிநபர் கணினி 1981 ஆகஸ்ட்டில் வந்தது, ஓராண்டுகூட ஆவதற்குள் 1982இல் டிஜிட்டல் மூன்று தனிநபர் கணினிகளை அறிவித்துவிட்டது. தனிநபர் கணினியே வேண்டாம் என்று முடிவெடுத்த நிறுவனம் மூன்றைச் செய்திருக்காது.

அந்த எண்ணிக்கையில்தான் சிக்கலும் இருந்தது. ரெயின்போ, புரொஃபெஷனல், டெக்மேட் என்ற மூன்றும் மூன்று பிரிவுகளின் பிள்ளைகள். ஒன்றின் மென்பொருள் மற்றொன்றில் ஓடாது. ஐபிஎம் கணினிக்கு எழுதிய மென்பொருளும் அப்படியே அவற்றில் ஓடாது. பல நிரல்களைத் தனியே மாற்றி எழுத வேண்டியிருந்தது. ரெயின்போவால் தொடக்கத்தில் வெற்று நெகிழ்வட்டு ஒன்றைத் தயார்செய்யக்கூட இயலவில்லை. தயார்செய்த வட்டுகளை விலைகொடுத்து வாங்க வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் சொன்னார்கள். பொறியியலில் அவை மட்டமானவை என்று எவரும் சொல்லமாட்டார்கள். புரொஃபெஷனலுக்குள் இருந்தது பிடிபி-11இன் சிறு வடிவமே. ஆனால் பிடிபி-11 வாங்க வருபவர் மலிவான புரொஃபெஷனலை வாங்கிப்போய்விடக் கூடாது என்ற கவலையில், பழைய பிடிபி-11 மென்பொருள்கள் அதில் நேரடியாக ஓடாதபடி அதன் இயங்குதளம் அமைந்தது. புதிய பிள்ளையின் கைகளை மூத்த பிள்ளைக்காகக் கட்டிப்போட்டார்கள் என்பதே என் கணிப்பு.

இதன் காரணத்தை வணிகக் கணக்கில்தான் தேட வேண்டும். ஒரு வேக்ஸை விற்றால் கிடைக்கும் இலாபமும், அதைத் தொடர்ந்து ஆண்டுதோறும் வரும் பராமரிப்புக் கட்டணமும் மிகப் பெரியவை. அந்த வருமானத்தைக் கொண்டுதான் ஆய்வுக்கூடங்களும் பயிற்சி நிலையங்களும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களும் நடந்தன. சில ஆயிரம் டாலர் விலையுள்ள தனிநபர் கணினியோ, யூனிக்ஸில் ஓடும் மேசைப் பணிநிலையமோ அந்த இலாபத்தில் சிறு பகுதியைத்தான் தரும். சிராங்கூன் சாலையில் ஓகோவென்று நடக்கும் கடையின் முதலாளியிடம், பாதி விலைக்கு விற்கும் இன்னொரு கடையை உங்கள் கடைக்கு எதிரிலேயே நீங்களே திறங்கள் என்று சொன்னால், அவருக்கு அது விளங்காமல் போகாது. நன்றாகவே விளங்கும். ஆனால் இந்த மாதச் சம்பளத்தை எந்தக் கடையின் கல்லாவிலிருந்து கொடுப்பது என்று அவர் திருப்பிக் கேட்பார். டிஜிட்டலின் நிலையும் அதுதான். வருவது அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை.

இதற்கு மிகத் தெளிவான சான்று ப்ரிஸம் திட்டம். வேக்ஸின் காலம் முடியப்போகிறது என்பதை உணர்ந்த டிஜிட்டல் பொறியாளர்கள், எளிய கட்டளைகளை மிக விரைவாகச் செய்யும் புதிய வகைச் சில்லையும் அதற்கேற்ற இயங்குதளத்தையும் 1980களின் நடுவிலேயே வடிவமைத்துக்கொண்டிருந்தனர். அதில் முன்நின்றவர் டேவ் கட்லர், வேக்ஸின் விஎம்எஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் தலையானவர். 1988இல் நிர்வாகம் அத்திட்டத்தை இரத்து செய்தது. மிப்ஸ் நிறுவனத்தின் சில்லை வெளியிலிருந்து வாங்கிக் கணினி செய்வது விரைவானது என்ற வாதம் வென்றது. கட்லர் அதே ஆண்டில் மைக்ரோசாஃப்டுக்குச் சென்றார். டிஜிட்டலின் பொறியாளர் சிலரும் உடன் சென்றனர். 1993இல் அங்கே அவர்கள் முடித்த விண்டோஸ் என்டி, இன்றைய எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் அடித்தளம். அதன் உள்ளமைப்பில் விஎம்எஸின் சாயலை, இரண்டையும் அறிந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். எட்சன் டி காஸ்ட்ரோ வெளியேறி இருபது ஆண்டுகள் கழித்து அதே கதவு வழியாக இன்னொரு பெரும் பொறியாளர் வெளியேறினார். அந்த இருபது ஆண்டுகளில் நிறுவனம் பணத்தால் வளர்ந்தது. உள்ளுக்குள் எழும் மாற்றுக் கருத்துக்கு இடம்கொடுக்கும் முறையை மட்டும் அது கற்றுக்கொள்ளவில்லை.

அதே ஆண்டுகளில் பெருந்தொகை வேறொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஐபிஎம்மின் மாபெரும் கணினிகளுக்குப் போட்டியாக வேக்ஸ் 9000 என்ற இயந்திரத்தை 1989இல் அறிவித்தார்கள். அது சந்தைக்கு வந்தபோது, விரல்நகத்தளவு சில்லுகளில் அமைந்த டிஜிட்டலின் சொந்தக் கணினிகளே வேகத்தில் அதை நெருங்கிவிட்டன. யூனிக்ஸ் விவகாரமும் இப்படியே. தங்கள் இயந்திரத்தில் பிறந்த இயங்குதளத்தை ஓல்சன் வெளிப்படையாகவே குறைத்துப் பேசினார். சன் போன்ற புதிய நிறுவனங்கள் அதையே வைத்து டிஜிட்டலின் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு போயின. கட்டுரையாளர் ஓல்சனைக் குறைகூற விரும்பினால் 1977ஆம் ஆண்டுப் பேச்சை விட்டுவிட்டு இதை எடுத்திருக்கலாம். அது நியாயமாக இருந்திருக்கும்.

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. 1991இல் ஆட்குறைப்பில்லை என்ற கொள்கை கைவிடப்பட்டது. 1992 நிதியாண்டில் இழப்பு ஏறத்தாழ 2.8 பில்லியன் டாலரைத் தொட்டது. அவ்வாண்டே ஓல்சன் பதவி விலக, ராபர்ட் பால்மர் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஆல்ஃபா என்ற 64 பிட் சில்லு அதே ஆண்டில் வந்து, வேகத்தில் அக்காலத்தின் மற்றச் சில்லுகளை வென்றது. ஆனால் அதை வாங்க வேண்டியவர்கள் அதற்குள் வேறு பாதைக்குப் போய்விட்டார்கள். தரவுத்தள மென்பொருள் ஆரக்கிளுக்கும், வட்டு இயக்கித் தொழில் குவாண்டமுக்கும், சில்லுத் தொழிற்சாலை இன்டெலுக்கும் விற்கப்பட்டன. 1995 டிசம்பரில், ஆல்ஃபா கணினிகளின் ஆற்றலை உலகுக்குக் காட்டுவதற்காக அதன் ஆய்வாளர்கள் ஆல்டாவிஸ்டா என்ற இணையத் தேடல் சேவையைத் திறந்தனர். கூகலுக்கு முன்பு நம்மில் பலர் இணையத்தில் தேடக் கற்றுக்கொண்டது அதில்தான். 1998இல் 9.6 பில்லியன் டாலருக்கு டிஜிட்டலை வாங்கியது காம்பேக், அதாவது டிஜிட்டல் மூன்றாகப் பிரிந்து தோற்ற அதே தனிநபர் கணினிச் சந்தையில் வளர்ந்த நிறுவனம். 2002இல் காம்பேக்கும் ஹியூலெட் பேக்கார்டுடன் இணைந்தது.

இங்கே ஆட்குறைப்புப் பற்றி ஒரு வார்த்தை. எவரையும் அனுப்புவதில்லை என்ற ஓல்சனின் கொள்கையே நிறுவனத்தைச் சாய்த்தது என்று மேலாண்மை வகுப்புகளில் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அந்தக் கொள்கை இருந்ததால்தான் முப்பது ஆண்டுகளாக நல்ல பொறியாளர்கள் அங்கே தங்கினார்கள், துணிந்து புதியன செய்தார்கள். ஆட்களை வேறு வேலைக்குப் பயிற்றுவித்து மாற்ற வேண்டிய காலத்தில், நிர்வாகம் தயாரிப்புகளை மாற்றத் தயங்கியதால் அவர்களையும் மாற்ற முடியாமல் போனது. கடைசியில் பல்லாயிரக்கணக்கானோர் சில ஆண்டுகளுக்குள் வெளியேற்றப்பட்டனர். இத்தீவிலும் விஎம்எஸ் ஒன்றையே வாழ்நாள் திறனாகக் கற்றவர்கள், நாற்பதுகளின் நடுவில் விண்டோஸ் வகுப்புகளில் இருபது வயதினர் அருகே அமர்ந்து மீண்டும் தொடங்கினர். சிலர் கணினித் துறையையே விட்டுச் சென்றனர். அவர்களில் இருவரை நான் நன்கு அறிவேன். அவர்கள் திறமையில் எனக்கு மேலானவர்கள்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விடி220 என்ற முனையத்துடன் (கணினியோடு இணைக்கும் திரையும் விசைப்பலகையும்) 1983இல் டிஜிட்டல் வெளியிட்ட பன்னாட்டு எழுத்துக் குறியீட்டுத் தொகுதியை ஒட்டியே ஐரோப்பிய எழுத்துகளுக்கான 8 பிட் அனைத்துலகத் தரம் உருவானது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுக் குறியீடான யூனிகோடின் முதல் 256 இடங்கள் அந்தத் தரத்தை அப்படியே ஏற்றவை. யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழைக் கணினியில் ஏற்றப் பாடுபட்டவர்கள் அந்த 256 இடங்களின் மேற்பாதியில்தான் நம் உயிரையும் மெய்யையும் இடம்பார்த்து அமர்த்தினார்கள். இவ்வூரின் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழுக்காக உழைத்ததையும், தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு 1997இல் சிங்கப்பூரில் கூடியதையும் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். அந்த மாநாட்டினர் எதிர்கொண்ட இடநெருக்கடி, 256 இடங்களுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய 8 பிட் அட்டவணையின் எல்லையிலிருந்து வந்தது; மேனார்டின் பொறியாளர்கள் அத்தகைய அட்டவணையை ஐரோப்பிய மொழிகளை மனத்தில் வைத்து வரைந்திருந்தனர். டிஜிட்டலின் கதை நமக்குத் தொடர்பில்லாத அமெரிக்கக் கதை என்று எண்ணுவோருக்காக இதைக் குறிப்பிட்டேன்.

விஎம்எஸும் மறைந்துவிடவில்லை. வேறொரு சிறு நிறுவனம் அதைப் பராமரித்து, இன்று பரவலாகப் பயன்படும் சில்லுகளில் ஓடும்படி மாற்றி வெளியிட்டு வருகிறது. 1978இல் வந்த விடி100 முனையம் பரவலாக்கிய கட்டளைக் குறிகளை, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் தம் மடிக்கணினியில் கட்டளைகளைத் தட்டும் கறுப்புச் சாளரத்தைத் திறக்கும்போதெல்லாம், அறியாமலே பயன்படுத்துகிறார்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, தொழில்நுட்ப வரலாற்றைத் தங்கள் பக்கங்களில் வெளியிடும்போது, இணையத்தில் சுற்றிவரும் மேற்கோள்களை மட்டும் நம்பாமல், அத்துறையில் உழைத்த ஒருவரிடமாவது கையெழுத்துப்படியைக் காட்டிச் சரிபார்க்கச் செய்யுங்கள். ஒருவர் முட்டாளாக இருந்ததால் ஒரு நிறுவனம் விழுந்தது என்று படிக்கும் மாணவர், தாம் முட்டாள் இல்லை என்ற நம்பிக்கையோடு நிம்மதியாகிவிடுகிறார். மிகத் திறமையான மனிதர்கள், வருவதைக் கண்ணால் கண்டும், நல்ல வருமானத்தை விட முடியாமல் தடுமாறினார்கள் என்று படித்தால், தம் வேலையிடத்தில் நடக்கும் விவாதங்களை அவர் வேறு கண்ணோடு பார்ப்பார்.

இரண்டாவது, எனக்கு இதைவிட முக்கியமானது. 1970களிலும் 1980களிலும் சிங்கப்பூரின் கணினி அறைகளில் வேலை செய்த தமிழர்கள் பலர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். அட்டை துளையிடும் பிரிவில் நாள் முழுதும் விசைப்பலகை தட்டிய பெண்கள், இரவு முறை இயக்குநர்கள், பழுதுபார்க்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜூரோங்குக்கும் சாங்கிக்கும் ஓடிய களப்பொறியாளர்கள், வட்டு இயக்கித் தொழிற்சாலைகளின் தூய அறைகளில் நின்ற பெண்கள் ஆகியோரின் அனுபவங்கள் தமிழில் பதிவானதாக எனக்குத் தெரிந்தவரை எங்கும் பார்க்கவில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் பல துறைகளைச் சேர்ந்தோரின் நினைவுகளைத் திரட்டி வைத்திருக்கிறது. ஆனால் இம்மக்கள் தாமாக அங்கே போய்ச் சொல்லும் இயல்புடையவர்கள் அல்லர். தாங்கள் செய்தது வெறும் சம்பள வேலை, வரலாறு இல்லை என்றே அவர்களில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். தங்கள் நாளிதழ் மாதம் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர்களின் பெயரையும் வேலையையும் அவர்கள் கையாண்ட இயந்திரங்களையும் அவர்கள் சொல்லிலேயே வெளியிட முன்வந்தால், கூச்சப்படுபவர்களும் பேசத் தொடங்குவார்கள். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தாலும் போதும்.

என்னிடம் விஎம்எஸ் கையேடுகள் சில தொகுதிகளும், எங்கள் கணினி அறையில் எடுத்த சில நிழற்படங்களும், முறைமாற்றக் குறிப்பேடு ஒன்றும் இருக்கின்றன. அந்தப் பக்கம் தொடங்கப்படுமானால் அவற்றைத் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவந்து தரவும், நிழற்படங்களில் உள்ளவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க உதவவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி இயக்குநர் ஒருவர்,
ஈசூன்.